அம்மம்மா எல்லோரோடும் பழகிய காரணம்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "கலியாணத்துக்குப் பப்பரே பாண்ட் பிடிப்பம் அம்மா, மேளமும் ட்ரம்பெட்டும் அதிரட்டும், ஹோல் வாசலில வெடியும் கொளுத்துவம். அம்மம்மாவுக்குச் சனம் எண்டால் எவ்வளவு சந்தோசம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் உடனே வெள்ளவத்தையில் மழை பிடித்துக்கொண்டதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். நீ கவனித்திருப்பாய். நான் பேச்சை மாற்றினால் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிடுகிற பிள்ளை நீ. இது தொலைபேசியில் சொல்லக்கூடியது இல்லை. அம்மம்மா அடுத்த அறையில்தான் இருக்கிறார். மற்றதெல்லாம் போனாலும் அவருடைய காது இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ மெல்பேர்னில் விமானம் ஏறுவதற்கு முன் இதை வாசித்து முடித்திருக்க வேண்டும். இங்கே வந்து இறங்கிய பிறகு, சனம் நிறைந்த வீட்டில், அம்மம்மாவின் வாயிலிருந்தே இது திடீரென்று உன் காதில் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறேன்.

உனக்குத் தெரிந்த அம்மம்மா கொட்டாஞ்சேனை முழுவதும் தெரிந்த பிலோமினா. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்தால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர அவருக்கு ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். மீன் விற்கிறவனிடம் அவனுடைய மனைவியின் பிரசவத்தைப் பற்றிக் கேட்பார். மருந்துக் கடை முதலாளியிடம் அவருடைய தாயின் மூச்சு முட்டுவருத்தத்தைக் கேட்பார். பிறகொரு காலத்தில் கோயில் வாசலில் பைகளைச் சோதிக்கச் சிப்பாய்களை நிறுத்தினார்களே, அந்தப் பொடியன்களில் ஒருவனுடைய ஊர், தங்கையின் பெயர், அவள் என்ன படிக்கிறாள் என்பது வரைக்கும் அம்மம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வெசாக்குக்குப் பௌத்தர்களின் பன்சலையில் தானம் கொடுக்கும் தன்சலில் வரிசையில் நின்று சோறு வாங்குவார். நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம் வீடுகளிலிருந்து அவருக்கு வந்த இனிப்பு வட்டிலப்பத்தை வைக்க எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இடம் காணாது. ஒழுங்கைக்குப் புதிதாக யாரும் குடிவந்தால், லொறியிலிருந்து அலுமாரியை இறக்கி முடிப்பதற்குள் தேநீர்ச் சாடியோடு அங்கே போய் நிற்பார்.

நத்தாருக்கு முதல் நாள் கேக் தட்டுகளைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் நீ வீடு வீடாகப் போனது நினைவிருக்கிறதா? மூலை வீட்டு நாய்க்குப் பயந்து, "இந்த வீடு வேண்டாம் அம்மம்மா" என்று நீ அழுவாய். அவர் விடமாட்டார். தட்டை வேலைக்காரப் பெண் கையில் கொடுத்துவிட்டு வரவும் விடமாட்டார். "வீட்டுக்காரர் வரட்டும். அவையள் உன்ர முகத்தைப் பாக்க வேணும்" என்பார். உன்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, நாடியைப் பிடித்து நிமிர்த்திவிடுவார். பேரனைக் காட்டுகிற பெருமை என்றுதான் நான் நினைத்தேன்.

தமிழ் வீடுகளைத் தேடித் தேடி எரித்த அந்த ஜூலையைப் பற்றி உனக்கு நான் சொல்லியிருப்பது கொஞ்சம்தான். எனக்குச் சொல்லப்பட்டதும் அவ்வளவுதான். அப்போது நான் சின்னப் பிள்ளை. சனம் ஒழுங்கைக்குள் வந்தது, அம்மம்மா என்னைப் பின்மதிலுக்கு மேலால் தூக்கி அந்தப் பக்கம் விட்டார், இரண்டு பேரும் கோயில் வளவுக்குள் ஓடினோம், வீடு எரிந்தது. துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்த அம்மப்பா எங்களைத் தேடி வந்து சேர்ந்தபோது அவருடைய கண்ணிமை மயிர்கூடப் புகையில் சுருண்டிருந்தது. அகதி முகாமில் இருந்த நாட்களில் அவர் ஒரே பிடியாக நின்றார். "திருச்சியில அக்கா இருக்கிறா, போயிடுவம் பிலோ. இனி அந்த ஒழுங்கைக்குள்ள நான் கால் வைக்க மாட்டன்." அம்மம்மா அசையவில்லை. "என்ர கோயில் அங்க. என்ர சனம் அங்க. நான் அங்கதான் போவன்" என்றார். கரிபிடித்த சுவருக்கு மேல் தகரம் போட்டு, அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனோம்.

திரும்பிப் போன முதல் ஞாயிறு நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோயிலில் சனம் குறைவு. எங்களைக் கண்டதும் சிலர் தலையைக் குனிந்தார்கள். பக்கத்து வீட்டு மேர்லின் அன்ரி, நீ கட்டப்போகிற டினுஷியின் ஆச்சி, கடைசி வாங்குப் பலகையில் தனியே இருந்தார். அம்மம்மா நேரே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பூசை முடியும் வரைக்கும் விடவில்லை. மேர்லின் அன்ரி அழுதுகொண்டே இருந்தார். தமிழ்ப் பெண்ணும் சிங்களப் பெண்ணும் கைகோத்து இருந்ததைப் பற்றிச் சுவாமியார் அடுத்த கிழமை பிரசங்கத்திலேயே சொன்னார். அதற்குப் பிறகு இத்தனை வருடங்களாக அவர்கள் இருவரும் ஒரே வாங்கில்தான் இருந்தார்கள். ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடினார்கள். இருவர் வீட்டுக் குசினிக்கும் நடுவில் இருந்த வேலியில் ஆள் போகிற அளவுக்கு ஒரு இடைவெளி இருந்தது. நீயும் டினுஷியும் ஒருவரையொருவர் விரும்புவதாகச் சொன்னபோது எங்கள் இரு வீட்டிலும் ஒருவருமே ஆச்சரியப்படவில்லை.

அம்மம்மாவுக்கு மறதி தொடங்கியது பெயர்களில்தான். மீன்காரனைக் கண்டு வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் வந்த பயத்தை நான் கண்டேன். ஒரு பெயர் மறந்ததற்கு யாராவது அப்படிப் பயப்படுவார்களா என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் துறைமுகப் பக்கம் வழிதவறி நின்றவரை ஒரு ஓட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அதற்குப் பிறகுதான் உன் அப்பாவும் நானும் அவரை வெள்ளவத்தைக்கு, எங்களுடைய ஆறாம் மாடி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வந்த அன்றைக்கே ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார். குளியலறைக்குள்ளும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "பிள்ளை, பின்கதவு எங்க?" என்று கேட்டார். "இது ஃபிளாட் அம்மா, ஒரு கதவுதான்" என்றேன். அவர் என்னை, புத்தி குறைந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஒரு கதவா? ஒரு கதவு வீட்டையா வாங்கினனீங்கள்?"

இதையெல்லாம் நான் உனக்குச் சொன்னபோது நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். சொல்லாமல் விட்டது ஒன்று. போன மாதம் கிரிக்கெட்டில் நாங்கள் வென்ற அன்று பின்னேரம் மறைன் டிரைவ் வழியே கொடி பிடித்த பொடியன்களை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி போனது. கூச்சல், தகரத்தில் தட்டுகிற சத்தம், இடையில் வெடி. நான் குசினியில் இருந்தேன். அம்மம்மா வந்து அடுப்பை நிறுத்தினார். விளக்கை நிறுத்தினார். என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் இருந்த பலம் இந்த வயதில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"செருப்பைப் போடு. அழக்கூடாது. சத்தம் போட்டியெண்டால் எங்கள் ரெண்டு பேரையும் கொளுத்துவாங்கள்."

"அம்மா, அது மட்ச் வெண்டதுக்கு..."

என் வாயைப் பொத்தினார். மூச்சு முட்டுகிற அளவுக்குப் பொத்தினார். இழுத்துக்கொண்டு போய்ப் பல்கனிக் கதவைத் திறந்து, இடுப்பளவு சுவருக்கு முன்னால் என்னை நிறுத்தினார். "ஏறு. நான் தூக்கி விடுறன், ஏறு" என்றார். ஆறு மாடி கீழே தண்டவாளமும் கடலும். அவருக்கு அது கொட்டாஞ்சேனைப் பின்மதில். அப்பா அந்த நேரம் வேலையால் வந்து கதவைத் திறந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கப் போவதில்லை. பல்கனிக்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறோம். உன் பாண்டுக்கும் வெடிக்கும் என்னுடைய பதில் அதுதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை.

அதற்கு அடுத்த கிழமை, கலியாணச் சேலை விடயமாகக் கதைக்க மேர்லின் அன்ரி வந்தார். அம்மம்மாவுக்குப் பிடிக்கும் என்று தன் கையால் சுட்ட பிபிக்கன், அந்தத் தேங்காய்க் கேக், ஒரு பொதி கொண்டுவந்தார். மணி அடித்ததும் நான் எழும்புவதற்குள் அம்மம்மா கதவடிக்குப் போய்விட்டார். சங்கிலியைக் கழற்றாமல், உள்ளங்கை அகலத்துக்குக் கதவைத் திறந்து பார்த்தார்.

"பிலோ அக்கே, மமய், மேர்லின்" என்றார் அவர் வெளியிலிருந்து. நான்தான் அக்கா, மேர்லின் என்று.

 அம்மம்மா வலக்கையை மெல்லத் தூக்கினார். எங்கள் வீட்டுக்கு உள்ளே, என்னைப் பார்த்து, விரலை நீட்டினார். அவருடைய குரலே மாறிவிட்டது. நடுங்குகிற, அவசரமான, ஒரு இளம் பெண்ணின் குரல்.

"அற கெதர. அற தெமல கெதர."

அந்த வீடு. அதுதான் தமிழ் வீடு. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போது வெளியில் நின்றவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.  வெளியில் பொதி விழுந்த சத்தம் கேட்டது.

அம்மம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு நான் வெளியே போனபோது, அவர் லிஃப்டுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.  அவராகவே சொன்னார். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த சிங்களப் பெண் அவர். அவருடைய தமிழ் உனக்குத் தெரியும்தானே.

"நான்தான் காட்டினது மகள். இந்தக் கையால காட்டினது."

அன்றைக்கு அவருடைய கணவர் வீட்டில் இல்லை. மூன்று சின்னப் பிள்ளைகளோடு தனியே இருந்திருக்கிறார். வந்தவர்கள் முதலில் அவருடைய படலையைத்தான் தள்ளியிருக்கிறார்கள். தான் சிங்களம் என்று சொன்னதை நம்பவில்லை. இந்த ஒழுங்கையில் எல்லோரும் இரண்டு பாஷையும் கதைப்பார்கள், எங்களை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று ஒருவன் கேட்டிருக்கிறான். இன்னொருவன் பெற்றோல் நிறைந்த தகரப் பேணியின் மூடியைத் திருகத் தொடங்கியிருக்கிறான். "மூத்தவன் என்ட சட்டையைப் பிடிச்சிட்டு நிக்கிறது. எனக்கு யோசிக்க நேரம் இல்ல. கை தானாப் போனது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தானே அதைத் திருத்தினார். "இல்ல. கை தானாப் போகாது. நான்தான் காட்டினது."

"அம்மா பாத்தது உங்களுக்குத் தெரியுமா அன்ரி?"

"அண்டைக்குத் தெரியாது. உங்கட வீட்டு யன்னல் எல்லாம் பூட்டி இருந்தது. பிறகு கோயில்ல வந்து என்ட கையைப் பிடிச்சது பாருங்க, அப்பதான் தெரிஞ்சது. இந்தக் கையைத்தான் பிடிச்சது. எலும்பு நோகப் பிடிச்சது. ஒரு சொல்லுச் சொல்லேல்ல. ஒவ்வொரு ஞாயிறும் இண்டைக்குச் சொல்லுவா, இண்டைக்குச் சொல்லுவா எண்டு காத்திட்டு இருந்தது. கேக் தந்தா. பிள்ளைகளுக்கு உடுப்புத் தைச்சுத் தந்தா. சொல்லவே இல்ல. நானும் கேக்கேல்ல."

நான் திரும்பி உள்ளே போனேன். அம்மம்மா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மேர்லினிட குரல் கேட்டுது. ஏன் அவளை உள்ள கூப்பிடேல்ல?" என்று என்னைக் கோபித்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குத் தெரிந்த அம்மாவின் வாழ்க்கை முழுவதையும் திரும்பவும் பார்க்கத் தொடங்கினேன். வாசல் வெளிச்சத்தில் உன் நாடியை நிமிர்த்தியது. கோயில் வாசல் சிப்பாயின் தங்கையுடைய பெயரைக் கேட்டுவைத்தது. பெயர் மறந்தபோது வந்த அந்தப் பயம். அம்மம்மாவின் மனம் தெளிவாக இருந்த ஒரு காலையில், அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். "அம்மா, அண்டைக்கு யன்னலால நீங்கள் பாத்தனீங்களா?"

  கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு, மிகவும் சாதாரணமாகச் சொன்னார்:

"எங்களைத் தெரிஞ்ச ஆள்தானே பிள்ளை காட்டினது. தெரியாத ஆளுக்கு எங்கட வீடு எப்பிடித் தெரியும்? அவளுக்கு எங்களை இன்னும் நல்லாத் தெரிஞ்சிருந்தால் காட்டியிருக்க மாட்டாள். அதுதான். எல்லாருக்கும் எங்களை நல்லாத் தெரிய வேணும். ஒருத்தரையும் விடக்கூடாது."

உங்கள் காதலை முதன்முதலில் அவரிடம் சொன்ன அன்று அவர் ஏன் முழங்காலில் நின்று அவ்வளவு நேரம் செபம் சொன்னார் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. செபம் முடித்து எழும்பி என்னிடம், "இனி அந்த வீட்டுக்கும் எங்கட வீட்டுக்கும் ஒரே பிள்ளையள்" என்று சொன்னார். சந்தோசத்தில் சொல்கிறார் என்று நானும் சேர்ந்து சந்தோசப்பட்டேன். சந்தோசமும் இருந்திருக்கும். ஆனால் அந்தச் செபம், எங்களைக் காக்கத் தான் கட்டிவந்த சுவரில் கடைசிக் கல்லையும் வைத்து முடித்த ஒருவரின் செபம்.

அப்படியென்றால் அம்மம்மாவுக்கு மேர்லின் அன்ரி மேல் அன்பே இல்லையா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது மகன். அப்பா, "ஆரம்பத்தில் பயமாக இருந்திருக்கும், இவ்வளவு காலம் பழகினால் பயம் அன்பாக மாறாமல் விடுமா" என்கிறார். மேர்லின் அன்ரிக்குப் பித்தப்பை ஒப்பரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வாங்கில் படுத்துக் கிடந்தவர் அம்மம்மா. பயத்தில் யாரும் அப்படிப் படுக்க மாட்டார்கள் என்று ஒருநாள் நினைக்கிறேன். பயத்தில்தான் அப்படிப் படுப்பார்கள் என்று அடுத்த நாள் நினைக்கிறேன். இரண்டையும் பிரித்தெடுக்கக்கூடிய ஒரே ஆளுக்கு இப்போது காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில்லை.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். அயலவரோடு பழகு, கேக் கொடு, அவர்களுடைய பிள்ளைகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள். அம்மம்மா செய்ததெல்லாம் நல்ல காரியங்கள்தான், அவற்றால் ஒழுங்கை முழுவதும் நன்மை அடைந்தது. ஆனால் மனதுக்குள் ஒரு கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு அதைச் செய்யாதே. அந்தப் பூட்டு துருப்பிடித்து உதிர்கிற வயது எல்லோருக்கும் வரும். உள்ளே இருப்பது அப்படியே, அதே நாளின் சூட்டோடு வெளியே வரும். அதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பவும் அப்படி ஒரு நாள் வராது என்று உனக்கு எழுதித்தர என்னால் முடியாது. இந்த மாடியில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருப்பவர்களின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. அதை நினைத்தால் இப்போதெல்லாம் எனக்கும் நித்திரை வருவதில்லை.

மேர்லின் அன்ரி இப்போதும் வருகிறார். சில நாள் அம்மம்மா சங்கிலியைக் கழற்றி, "வா மேர்லின்" என்று கட்டிப்பிடிக்கிறார். சில நாள் விரலை நீட்டி அதே வார்த்தைகளைச் சொல்கிறார். அப்போது மேர்லின் அன்ரி வெளியிலேயே நின்று, சொல்லி முடியும் வரைக்கும் கேட்டுவிட்டு, திரும்பிப் போகிறார். கலியாணத்தன்று அம்மம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகாமல் விடுவோமா என்று நான் மேர்லின் அன்ரியிடம் கேட்டேன். இருநூறு பேருக்கு முன்னால் அம்மம்மா அதைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றேன். அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. "என்ட பக்கத்தில இருக்கட்டும். சொன்னாச் சொல்லட்டும். எவ்வளவு நாள் அவ மட்டும் வச்சிட்டு இருக்கிறது?" என்றார். அதனால் இருவரும் முன் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். பாண்டும் வெடியும் இல்லை. அம்மம்மா என்ன செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. நீ பீடத்தடியில் நிற்கும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டால், அது என்னவென்று தெரிந்துகொண்டு நிற்க வேண்டும்.

மேர்லின் அன்ரி தன் வீட்டிலும் சொல்லிவிட்டார். நேற்று டினுஷி தனியாக இங்கே வந்தாள். அவ்வளவு கலகலப்பான பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"அவருக்குத் தெரியுமா அன்ரி?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"இன்னும் இல்லை."

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா மன்னிப்புக் கேக்கிற மாதிரி வந்திடும். நான் செய்யாததுக்கு நான் எப்பிடி மன்னிப்புக் கேக்கிறது? கேக்காம அவற்ற முகத்தைப் பாக்கிறதும் எப்பிடி?" என்றாள். பிறகு, "அவர் யோசிக்கட்டும். எவ்வளவு நேரம் எண்டாலும் யோசிக்கட்டும். நானாப் போன் எடுத்துக் கேக்க மாட்டன், அவர் எடுக்கட்டும்" என்றாள். அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மம்மா எழும்பி வந்து, இது யார் என்று தெரியாமல், அவளுடைய தலையைத் தடவி, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் மகன். இந்தக் கலியாணம் நடக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். ஆனால் முடிவு உன்னுடையது, நான் அதற்குள் வரமாட்டேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்சம் நட. கோபம் வந்தால் வரட்டும். பிறகு அவளுக்குப் போன் எடு. உனக்கு இருப்பதை இருக்கிறபடி சொல். அவளைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா